ஓலைக் குடிலும் உப்புக் கிணறும்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தீவுக் குடிலில் தங்கும் ஆசை வந்தால் தூரம் ஒரு தடையே இல்லை. மேற்கே நீரோடி தாண்டினால் நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. அங்கே தென்னந்தோப்புக் குடில்களும் நீரில் மிதக்கும் அறைகளும் இருக்கின்றன. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் போகிறது, அகத்திக்கு விமானம் போகிறது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலத்தீவு கூப்பிடு தூரம். கொஞ்சம் சுற்றிப்போகத் தயார் என்றால் அந்தமான்.

விளம்பரப் படங்களில் எல்லாத் தீவும் ஒன்றுதான். சாய்ந்த தென்னை, இரண்டு மரத்துக்கு நடுவே வலை ஊஞ்சல், வாசலில் வெட்டி வைத்த இளநீர். அங்கே போய் நாம் தூங்குவோமா, குளிப்போமா, வயிறு கெட்டுக் கிடப்போமா என்பதைத் தீர்மானிக்கிற சங்கதிகள் படத்தில் வராது. கிணறு, கழிப்பறை, கூரை, பேட்டரி. முன்பணம் கட்டும் முன் இந்த நாலையும் பற்றிக் கேட்டுவிட வேண்டும். நேராகப் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ‘எல்லா வசதியும் உண்டு சார்’ என்று பேச்சை முடித்துக்கொள்கிற இடத்தின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் கடைசியில் அதில்தான் போய் முட்டும்.

பவளத் தீவுகளில் ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 பங்கு ஆழத்துக்கு இறங்கி நிற்கும். கேட்க லாபமான கணக்காகத் தெரியும். அதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்துத் தண்ணீர் மட்டத்தை 10 சென்டிமீட்டர் குறைத்துவிட்டால், அடியிலிருக்கும் உப்புநீர் 4 மீட்டர் வரை ஏறி வரும். கிணற்றுக்கு நேர் கீழே கூம்பாக எழும்பும். மோட்டாரை நிறுத்தினால் உடனே இறங்கிவிடாது. நல்ல மழை ஒன்று வேண்டும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கிணற்றை ஆழமாகத் தோண்டிப் பெரிய மோட்டார் வைக்க மாட்டார்கள். ஆழம் குறைந்த, வாய் அகன்ற கிணறுகள் நாலைந்து வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். நம் கரையோரத்திலும் இதே கதைதான். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கம், பொழி (ஆற்று முகத்தை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டு) திறந்து கிடந்து ஆற்றில் வரத்தும் குறைந்த மாதங்களில் கடல்நீர் ஏற்றத்தோடு உள்ளே வரும். அப்போது ஆற்றோரக் கிணறுகளின் ருசி மாறுவதை அங்குள்ளவர்கள் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமல் அறிவார்கள்.

எவ்வளவு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. 100 லிட்டர் கிணற்று நீரில் 2 லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 500. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. சோப்பு நுரைக்கவில்லை, தலைமுடி பிசுபிசுக்கிறது, ஷவர் துளைகளில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறது, கறுப்புத் தேநீரின் ருசி ஒட்டவில்லை என்றால் கிணறு களைத்துவிட்டது என்று அர்த்தம்.

கேட்க வேண்டியது: குளிக்க என்ன தண்ணீர், குடிக்க என்ன தண்ணீர், இரண்டும் எங்கிருந்து வருகிறது? மழைநீர்த் தொட்டி என்று பதில் வந்தால் கூரையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 400 லிட்டர் விழும், வழியில் வீணாவது போக முந்நூற்றுச் சொச்சம் தேறும். ஆனால் ஓலைக் கூரைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும், பல்லி எச்சமும் எலிப்புழுக்கையும் சேர்ந்து வரும். மழைநீரை நம்பி இருக்கும் இடத்தில் எங்காவது ஓர் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ இருந்தே ஆக வேண்டும். எல்லாம் ஓலை, தண்ணீர் மட்டும் மழைநீர் என்று சொன்னால் அந்தக் கணக்கு எங்கோ இடிக்கிறது.

ஆர்.ஓ. என்று சொன்னால், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கலாம். உப்பைப் பிரித்தெடுத்த மிச்சத் தண்ணீரைக் குடிலுக்குப் பின்னால் மணலிலேயே விட்டால் அது திரும்பக் கிணற்றுக்குத்தான் வரும். லட்சத்தீவில் இதற்கு அரசு வேறு வழி பிடித்தது. கவரத்தியில் 2005-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு நிலையம் அமைத்தது. ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் குழாயில் மேலே எடுத்து, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்தக் குளிரில் அதை ஒடுங்கவைத்து நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் திட்டம். தீவுக் கிணறுகளை மட்டும் நம்பி முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒரு வாளியும் கப்பும். ஷவரில் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் ஓடும். பத்து நிமிடம் நின்றால் 80, 100 லிட்டர். அதே குளியல் வாளியில் இருபது லிட்டரில் முடியும். கடலில் முங்கி எழுந்த உப்பைக் கழுவ முதலில் அரை வாளி, பிறகு சோப்பு, பிறகு மிச்சம். இரண்டு பேர் தங்கும் குடிலில் இந்த ஒரு பழக்கத்தாலேயே நாளைக்கு நூற்றைம்பது லிட்டர் மிச்சமாகும்.

கழிப்பறை விஷயத்தில் வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகாது. குழிக் கழிப்பறை ஒழுங்காக வேலை செய்யக் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஒன்றரை, இரண்டு மீட்டர் காய்ந்த மண் வேண்டும். அந்த மண்ணில் வடியும்போதுதான் கிருமிகள் சாகும். பவளத் தீவிலும் பொழிமுக மணல்திட்டிலும் ஒன்றரை மீட்டர் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அப்புறம் வடிகட்ட மண் ஏது? கழிவு நேரே கிணற்று நீரோடு கைகோர்க்கும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் பதினைந்து, இருபது மீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று போனவுடன் கண்ணால் அளந்து பார்ப்பதில் தப்பில்லை. இடைவெளி இல்லையென்றால் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக்கூட வேண்டாம். ‘தீவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஊர் திரும்பிச் சொல்பவர்களில் பலருக்குச் சாப்பாடு ஒரு பாவமும் செய்திருக்காது.

இதற்கு நல்ல மாற்று உலர் கழிப்பறை. திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த முறை பல வருடங்களாகப் புழங்குகிறது. மலம் ஒரு துளை, சிறுநீர் முன்னால் ஒரு பள்ளம், கழுவுவதற்குத் தனி இடம். முடித்ததும் ஒரு கொட்டாங்கச்சி சாம்பலோ தென்னை நார்த்தூளோ துளைக்குள் போட்டு மூட வேண்டும். கழுவும் தண்ணீர் துளைக்குள் விழவே கூடாது. ஒரு அறை நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்த அறைக்கு மாறுவார்கள். மூடியது ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து உரமாக வெளியே வரும். முதல் நாள் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். உண்மையில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட உலர் கழிப்பறையில் நாற்றம் இருக்காது. நாற்றம் வந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. நமக்கு முந்தித் தங்கியவர் பழக்க தோஷத்தில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றியிருப்பார். இன்னும் இரண்டு கொட்டாங்கச்சி சாம்பல் போட்டால் அடங்கிவிடும்.

கூரையை உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். முடைந்த தென்னோலை என்றால் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை. ஆண்டுதோறும் மழைக்கு முன் மேய்ந்தாக வேண்டும். பனையோலை அதைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். ஆயுளைத் தீர்மானிப்பது ஓலையைவிடச் சரிவுதான். 45 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மழை ஓலைக்கு ஓலை வழுக்கி இறங்கிவிடும். படத்தில் அழகாக இருக்கட்டும் என்று சரிவைக் குறைத்துப் படுக்கவிட்ட கூரையில் தண்ணீர் நின்று ஊறும், ஊறினது அழுகும், ஒரு மழைக்காலத்துக்குள் ஒழுகத் தொடங்கும்.

ஓலைக்குக் கீழே தார்ப்பாயோ பிளாஸ்டிக் தாளோ தெரிந்தால் மழை ஒழுகாது என்று சந்தோஷப்படலாம், ஆனால் காற்றும் போகாது. ஓலை வீடு குளிர்ச்சி என்று நாம் சொல்வதே சூடான காற்று ஓலை இடுக்கில் மேலே வெளியேறுவதால்தான். தாளை விரித்துவிட்டால் உள்ளே புழுங்கும். கீழ்ப்பக்கம் காயாமல் ஓலையும் சீக்கிரம் கெடும். தகரத்தின் மேல் ஓலையைப் பரப்பிவிட்டு ‘பாரம்பரியக் குடில்’ என்று விற்கும் இடங்களும் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்தால் குட்டு வெளிப்படும்.

தூண்களையும் ஒரு கண் பார்க்கலாம். சவுக்குக் கம்போ மூங்கிலோ மண்ணில் நேரே புதைத்திருந்தால் மண்ணும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். கான்கிரீட் குற்றியின் மேல் இரும்புப் பட்டை வைத்துத் தூணை நிறுத்தியிருந்தால், கட்டியவருக்கு வேலை தெரியும். கூரை இறவாணம் மூன்றடிக்கு மேல் வெளியே நீண்டிருந்தால் நிழல் நன்றாக விழும், ஆனால் புயற்காற்று அதைக் கீழிருந்து பிடித்துத் தூக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்தபோது காற்று என்னவெல்லாம் தூக்கும் என்று பார்த்தோமே.

ஓலைக்குள் எலி வரும், பல்லி வரும், சில இடங்களில் பூரானும் வரும். அது குடிலின் குறை இல்லை. பிஸ்கட்டையும் பழத்தையும் மூடியுள்ள டப்பாவில் வைத்தால் எலிக்கு வேலை இல்லை; காலையில் செருப்பைத் தட்டிப் போட்டால் பூரானுக்கும் நமக்கும் தகராறு இல்லை. கொசுவர்த்திச் சுருளை மட்டும் ஓலைச் சுவரோரம் வைக்கவே வேண்டாம். கொசுவலையைப் பொழுது சாயுமுன்பே இறக்கி மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிவிட வேண்டும், இருட்டிய பிறகு செருகினால் கொசுவையும் சேர்த்து உள்ளே பூட்டுவதுதான். அலையாத்திப் பக்கமும் ஈர மணலிலும் அந்தியில் கடிக்கும் பொடிப்பூச்சிக்கு வலைக்கண் ஒரு பொருட்டில்லை, நுழைந்துவிடும். அதற்குப் பறக்கும் பலம் குறைவு. ஒரு மின்விசிறி போதும்.

மின்விசிறி என்றதும் பேட்டரி. அதிகாலை மூன்று மணிக்கு விசிறி ஏன் நிற்கிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும், ஆக 600. சாதாரண மேல்விசிறி 75 வாட்; எட்டு மணி நேரம் ஓடினால் அந்த 600-ம் தீர்ந்தது, விளக்குக்கும் போனுக்கும் ஒன்றும் மிஞ்சாது. பி.எல்.டி.சி. என்று விற்கும் மின்சிக்கன விசிறி 30 வாட்டுக்குள் அடங்கும். அதே இரவுக்கு 240 போதும். அறையில் எந்த விசிறி என்று கேட்பது அதனால்தான் அற்பக் கேள்வி இல்லை. 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 400 வாட்-மணி தரும், மழை மூட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1,500 வாட் கெட்டிலையோ தலைமுடி உலர்த்தியையோ செருகினால் இன்வெர்ட்டர் அந்த நொடியே விழும், பக்கத்துக் குடில்களும் சேர்ந்து இருட்டாகும். போனை நண்பகலில் சார்ஜ் ஏற்றுங்கள். பேனல் கொடுப்பதை அப்போதே எடுத்துக்கொள்கிறோம், பேட்டரிக்குச் சுமை இல்லை.

எப்போது போவது? லட்சத்தீவுக்கு மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை வேண்டாம்; கச்சான் என்கிற தென்மேற்குப் பருவக் காற்றில் சின்னப் படகுகள் ஓடாது. மாலத்தீவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, கடல் தெளிவு. அந்தமானுக்கும் ஏறக்குறைய அதே மாதங்கள், ஏப்ரல் வரை நீட்டலாம். நம் பக்கத்துப் பொழிமுகக் குடில்களுக்கு இரண்டு பருவமழையும் விழும் என்பதால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் நிம்மதி. லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்காமல் டிக்கெட் எடுத்துப் பயனில்லை. மாலத்தீவுக்கு மது கொண்டுபோக முடியாது.

மாதம் சரியாக இருந்தாலும் கடல் தன் கணக்கில் இருக்கும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும், அதுதான் கள்ளக்கடல். அந்த எச்சரிக்கை இருந்த நாட்களில்தான் 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு நீரில் இறங்குவது நல்லது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பல நேரம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பவளத் தீவின் உள்கடல் குளம்போல இருக்கும், ஆனால் வற்றுநேரத்தில் பாறைத் திறப்பின் வழியே மொத்தத் தண்ணீரும் வெளியே ஓடும். அந்தத் திறப்பின் பக்கம் அப்போது போகக்கூடாது.

மணல்திட்டில் தங்குகிறவர்கள் மேடான இடம் எங்கே, அங்கே போக எந்த வழி என்று முதல் நாளே பார்த்துவைக்கட்டும். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் ஆறும் மறு பக்கம் கடலும் இருக்கும் திட்டில் ஓடுவதற்கு இடம் கிடையாது.

ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணிக்கு மேல் காலை வைத்திருந்தால் வலி குறையும், பிறகு முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். பவளத் துண்டை நினைவுக்கு எடுத்து வருகிற பழக்கம் பலருக்கு உண்டு. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பையில் இருந்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்குப் பெரிய குறை வராது. மீனும் தேங்காயும் இருந்தால் போதும், மரச்சீனிக் கிழங்கும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காய்கறி படகில் வரும் நாளைப் பொறுத்தது, சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சூரை மீனில் மட்டும் கவனம் வேண்டும். பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடிக்கும். வாயில் வைத்தவுடன் மிளகுக் காரம் போலச் சுரீர் என்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள். பொழிமுகக் குடில்களில் ஜூன், ஜூலையில் ‘இன்றைய மீன்’ கேட்டால் கட்டுமரம், வள்ளம் கொண்டுவந்தது கிடைக்கும். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடை. அந்தச் சாளையும் நெத்தோலியும் ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் கிடந்த பெரிய மீனைவிட எவ்வளவோ மேல்.

படகில் ஏறும்போது பின்பக்கமோ நடுவிலோ உட்காருங்கள். வேகப்படகின் முன்பக்கம் அலையில் எழும்பி விழும் அடி முழுவதும் முதுகெலும்பில் இறங்கும், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. முற்பகலில் கடல் பெரும்பாலும் அடங்கி இருக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். சக்கரம் வைத்த பெட்டி மணலில் உருளாது. தோளில் மாட்டும் பை போதும். மருந்தும் அடையாள அட்டையும் நீர்புகாத உறையில் உடம்போடு இருக்கட்டும். வலை ஊஞ்சலில் படுக்கும் முன் மேலே பார்த்து, முற்றிய குலை தொங்கினால் வேறு மரம் தேடுங்கள்.

திரும்பும் படகுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். காற்று எழுந்தால் படகு நிற்கும். அதற்காக விமானம் காத்திருக்காது, போன பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. அந்த உபரி நாளை மாலேயிலோ கொச்சியிலோ கழிப்பதற்கு ஆகும் செலவு புது டிக்கெட்டைவிடக் குறைவு.